பொட்டலத்தில் இருந்த பெயர்

ஒரு தவற்றுக்குப் பெயர் இல்லாதபோது அது யார் தலையில் போய் விழுகிறது? போன வாரம் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை உணவுக்கடையில், கட்டிவைத்த பிரியாணிப் பொட்டலங்களின்மேல் கடைக்காரர் மார்க்கரால் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பழைய கேள்வி மசாலா வாசனையோடு மீண்டும் எழுந்தது.

பல ஆண்டுகளுக்கு முன், அதே ஊரின் தஞ்சோங் பகாரில் நானும் கதிரேசனும் மேலாளர் சிவாவுமாக மூன்று பேர், கிளினிக்குகளுக்கு முன்பதிவு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். மதிய உணவுப் பொட்டலங்களில் தவறாமல் பெயர் இருக்கும்; காரம் குறைந்தது என்னுடையது என்பதைக் கட்டடமே அறியும். நிரலில்தான் பெயர் இல்லை. யார், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று பதிந்துவைக்கும் மென்பொருள் எங்களிடம் இருந்தது. ஆளுக்கொரு உரிமம் வாங்க வேண்டும் என்பதால் சிவா ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். மூவரும் ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில் நுழைவோம்.

“யாரு செஞ்சா என்ன லா, வேலை முடிஞ்சா சரி” என்பார் சிவா, சிங்கப்பூர்ப் பேச்சின் ‘லா’வோடு.

ஒரு திங்கட்கிழமை, நோயாளிகளுக்குத் தவறான தேதியில் நினைவூட்டல் போய்விட்டது. அன்று மட்டும் சிவாவுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது.

“கதிர்தான் லா. புதுசா வந்தவன்.”

கதிரேசன் திருச்சிக்காரன். அவனுடைய வேலை அனுமதி அந்த மாதம் புதுப்பிக்கப்பட வேண்டும். இந்தத் தவற்றைக் காட்டி சிவா விண்ணப்பிக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

என் மடிக்கணினியில் கிடந்த பழைய பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டேன். நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிய வரி, வெள்ளிக்கிழமை அவசரத்தில் நானே எழுதியது. தேதிகளைத் திருத்திவிட்டு, சிவாவிடம் சொன்னேன்.

“நீயா? சரி, விடு லா” என்று சிரித்தார்.

ஒருவனை ஊருக்கு அனுப்பப் போதுமானதாக இருந்த தவறு, என்னுடையது என்றதும் சிரிப்போடு முடிந்தது. அதை நான் ஏற்கவில்லை. இலவசமாகவே கிடைக்கும் வேறொரு மென்பொருளுக்கு மாறுவோம் என்றேன். அதில் ஒவ்வொருவரும் தம் பெயரில் எழுதலாம். முழு வரலாறும் எல்லாருடைய கணினியிலும் இருக்கும். ஒருவர் சத்தமில்லாமல் அழித்துவிட முடியாது.

“இனிமே அட்மின்ல ஒரு வரிகூட ஏத்த மாட்டேன்.”

“அப்ப வீட்டுக்குப் போ.”

போகவில்லை. என் நாற்காலியிலேயே சும்மா அமர்ந்திருந்தேன். முதலில் தயங்கியது கதிர்தான்.

“பேரு போட்டா நாளைக்கு நான் மாட்டிக்குவேன் அக்கா.”

அவன் அச்சத்தில் நியாயம் இருந்தது. “இப்ப பேரு இல்லாமத்தானே மாட்டுன?” என்றேன்.

அவன் விசைப்பலகையைத் தள்ளிவைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தான். மூன்றாம் நாள் சிவா இறங்கிவந்தார். புதிய பதிவின் முதல் குறிப்பை என் பெயரில் எழுதினேன்: ‘தேதித் தவறு என்னுடையது.’ கதிரின் அனுமதி புதுப்பிக்கப்பட்டது.

அந்த அலுவலகம் இன்று இல்லை. அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. ‘அட்மின்’ அதற்கு முன்பே மறைந்துவிட்டார். அதன்பிறகு எங்கள் குழுவில் தவறு நேர்ந்தால் முதலில் பதிவைப் பார்த்தோம். பிறகுதான் ஆளைப் பார்த்தோம்.