சாய்ந்து வந்த சிரிப்பு

சைக்கிள் கடைக்கு மேலே இருந்த மாடி அறையில்தான் கேமரா சங்கம் மாதாமாதம் கூடும். மடக்கு நாற்காலிகள், வெள்ளையடித்த சுவர், அந்தச் சுவரில் படம் காட்ட ஒரு புரொஜெக்டர். போட்டிக்கு வந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். எடுத்தவர் யார் என்பது முடிவு சொல்லும்வரை வெளியே தெரியக் கூடாது. அவர் கூட்டத்தோடு கூட்டமாகக் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும். அது சங்கத்தின் சட்டம்.

ஒரு மாதம் ஒரு படம் படுத்துக்கொண்டு வந்தது. மரத்தடியில் நின்ற குதிரை, சுவரில் பக்கவாட்டில் கிடந்தது. குதிரைக்கு உடம்பு சரியில்லை போல என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது. கடைசி வரிசையில் இருந்த ரொட்டிக் கடைக்காரருக்குக் காது மடல் கொதித்தது. சங்கத்தில் சேர்ந்து அவர் கொடுத்த முதல் படம் அது. நடுவர் அடுத்த படத்துக்குப் போகலாம் என்று கையைக் காட்டிவிட்டார்.

அப்போது முன் வரிசையில், பல் செட் செய்வதால் எல்லாரும் பல்லக்கா என்று கூப்பிடும் அம்மா, தலையைத் தோள்மேல் சாய்த்துப் படத்தை நிதானமாகப் பார்த்தார். அதைக் கண்டு பக்கத்தில் இருந்தவரும் சாய்த்தார். பிறகு அவருக்குப் பின்னால் இருந்தவர். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்கத் தலைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. நல்ல குதிரைதான் என்று ஒரு குரல் கேட்டது. நடுவரும் வேறு வழியில்லாமல் கழுத்தை வளைத்துப் பார்த்து மதிப்பெண் போட்டார். யார் எடுத்த படம் என்று பல்லக்காவுக்கு அப்போது தெரியாது. தெரியாமல் செய்ததுதான் ரொட்டிக்காரர் நெஞ்சில் ஆழமாகப் பதிந்தது.

பல்லக்காவின் தொழில் பல் செட் செய்வது. சின்ன அறை, ஜன்னலோரம் மேசை, மேசை நிறைய மெழுகும் பிளாஸ்டரும். யார் யாருடைய வாயோ அச்சாக வரிசையில் காயும். பல்லின் நிறம் பார்ப்பதற்குச் சீப்பு மாதிரி ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு விதமான வெள்ளை. போட்டிக்குப் படம் தயார் செய்யும்போதும் அதுதான் அவருக்குத் துணை. சீப்பைப் படம் பிடித்துக் கணினியில் போட்டு, கையில் இருக்கும் சீப்பைத் திரைக்குப் பக்கத்தில் பிடிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்தத் திரையை நம்பி வேலையைத் தொடங்குவார். சங்கத்தார் கேலி செய்வார்கள். கேலி செய்துவிட்டு அவரவர் படத்தையும் அங்கேயே கொண்டுவந்து காட்டுவார்கள்.

ரொட்டிக்காரரின் மனைவிக்கு முன்பல் செட் செய்து கொடுத்ததும் பல்லக்காதான். செட் அருமையாகப் பொருந்தியது. ஆனால் அன்றிலிருந்து அந்த அம்மா சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்ள ஆரம்பித்தார். கடையில் கலகலவென்று இருந்த மனுஷி அப்படி ஆனது ரொட்டிக்காரரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில், இரண்டு கையிலும் மாவு பிசைந்தபடி இருந்ததால் பொத்த வழியில்லாமல், அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். கடவுள் கருணை, கேமரா பக்கத்தில் இருந்தது. அந்தப் படத்தைப் போட்டியில் வைத்து, ஊரார் பாராட்டும்போது மனைவி தன் காதால் கேட்க வேண்டும் என்று ரொட்டிக்காரர் ஆசைப்பட்டார். அந்த அம்மாவும் ஒருவழியாகச் சம்மதித்தார். யாராவது பல்லைப் பார்த்துச் சிரித்தால் இனிமேல் கடைப்பக்கமே வரமாட்டேன் என்பது நிபந்தனை.

அந்தப் பயத்தில்தான் ரொட்டிக்காரர் ஒரு காரியம் செய்தார். போனில் படத்தை ஏற்றி, பல்லை மட்டும் விரலால் தேய்த்துத் தேய்த்துப் பளிச்சென்று வெளுத்தார். பெருமையோடு பல்லக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

பல்லக்கா அதைக் கணினித் திரையில் போட்டு, பக்கத்தில் சீப்பை எடுத்துப் பிடித்தார். எந்தப் பல்லோடும் சேரவில்லை.

"தம்பி, இது நான் செஞ்ச பல்லு இல்லையே."

ரொட்டிக்காரர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"தங்கச்சிய இதே ஜன்னல்கிட்ட உக்கார வெச்சு, மத்த பல்லப் பாத்துப் பாத்து நிறம் எடுத்தேன். நீ பாட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்க."

கேமராவில் பழைய படம் பத்திரமாக இருந்தது. அதையும் திரையில் பக்கத்தில் போட்டார் பல்லக்கா. எதை அனுப்புவது என்று நாம் சொல்லக் கூடாது, முகத்துக்குச் சொந்தக்காரி சொல்லட்டும் என்று மனைவிக்கு ஆள் அனுப்பினார். அந்த அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ பல்பொடி விக்க வந்தவ," என்றார் வெள்ளைப் பல்லைக் காட்டி. மற்றதை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ, அடுப்பப் பாருங்க, ரொட்டி கருகுதுன்னு உங்களத் திட்டப்போறவ. இவளே போகட்டும்."

சொன்னபோதே கை வாய்க்குப் போய்விட்டது. பல்லக்கா அதைப் பார்த்தார். போட்டி நல்லபடி நடக்கட்டும் என்று கண்ணை மூடி ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டார்.

மீதி வேலை ரொட்டிக்காரருடையது. படத்தைச் சங்கம் சொன்ன அளவுக்குச் சுருக்க வேண்டும், எடுத்தவர் பெயர் எங்கும் வராமல் தலைப்பு வைக்க வேண்டும். முக்கியமாக, படத்தை நிமிர்த்திச் சேமிக்க வேண்டும். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தாலும் படம் உள்ளே படுத்துத்தான் இருக்கும், போன் தானாக நிமிர்த்திக் காட்டும், சங்கத்துப் பழைய கணினி அப்படிச் செய்யாது என்று பல்லக்கா படித்துப் படித்துச் சொன்னார். ரொட்டிக்காரரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். போனில் பார்த்தார். படம் ஜம்மென்று நிமிர்ந்து நின்றது. நிற்கிற படத்தை நிமிர்த்துவானேன் என்று அப்படியே அனுப்பிவிட்டார்.

போட்டி அன்று புருஷனும் பெண்சாதியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். படங்கள் வந்தன, போயின. அந்த அம்மாவின் கை முகவாய்க்குப் பக்கத்திலேயே காவல் இருந்தது. அப்புறம் அவர் சிரித்த படம் வந்தது. படுத்துக்கொண்டு வந்தது.

ரொட்டிக்காரருக்கு நாற்காலியோடு தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. யார் சிரிக்கப் போகிறார்கள் என்று பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சொல்லி வைத்தது மாதிரி அறையில் இருந்த அத்தனை தலையும் ஒரே பக்கம் சாய்ந்தது. புதிதாக வந்திருந்த நடுவர் ஒன்றும் புரியாமல் திரும்பிப் பார்த்து, இது ஏதோ இந்தச் சங்கத்து முறை போலிருக்கிறது என்று தானும் சாய்ந்தார்.

தன் முகத்தைப் பார்க்க இத்தனை பேர் கழுத்தைச் சுளுக்கிக்கொள்வதைக் கண்டதும் அந்த அம்மாவால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். கை மடியிலேயே கிடந்தது. மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அப்போதும் கை எழவில்லை.

யார் எடுத்த படம் என்பது நடுவருக்கும் வெட்டவெளிச்சமாகிவிட்டது. சட்டப்படி இனி மதிப்பெண் போட முடியாது என்று நடுவர் வருத்தத்தோடு சொன்னார். ஆனாலும் படத்தை நிமிர்த்தச் சொல்லி, எழுந்து கிட்டே போய்ப் பார்த்தார்.

"இப்பக் கேட்டேனே, அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கு," என்றார்.

பரிசு வேறொருவருடைய அருவிப் படத்துக்குப் போனது. ரொட்டிக்காரர் அதைக் கவனிக்கவே இல்லை. மறுநாள் கடையில் மனைவி வாடிக்கைக்காரர்களிடம், புருஷன் தன்னைச் சுவரில் எப்படிப் படுக்கப் போட்டார் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு கையில் பொட்டலம், இன்னொரு கையில் நூல்.

பிறகு பல்லக்காவின் மகள் வெளியூரில் பல் ஆஸ்பத்திரி திறந்தாள். பல்லக்காவும் சீப்பு, கேமரா, கணினி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அங்கே குடிபோனார். வழியனுப்ப ரொட்டிக்காரரும் மனைவியும் சூடான ரொட்டியோடு பேருந்து நிலையத்துக்கு வந்தார்கள். பல்லக்கா ஜன்னலோரம் உட்கார்ந்ததும் ரொட்டிக்காரர் கேமராவைத் தூக்கினார். கண் கலங்கியிருந்ததால் நேராகப் பிடித்திருக்கிறோமா என்றே தெரியவில்லை, கொஞ்சம் இருங்கள் அக்கா என்று தடுமாறினார். அதற்குள் பேருந்து நகர்ந்தது.

பல்லக்கா ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"சும்மா எடு தம்பி. கோணலா வந்தா என்ன, பாக்கறவங்க தலையச் சாய்ச்சுக்குவாங்க."