பொழிக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

என்னைப் பட்டணத்துக் கல்லூரிக்கு அனுப்பியது படிப்பதற்காக அல்ல, ஒருவரைத் தோற்கடிப்பதற்காக. அந்த ஒருவர் அப்பாவின் பெரியப்பா மகன். எனக்குப் பெரியப்பா முறை. நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டி போகும் வழியில் இருந்த எங்கள் காட்டுக்கும் அவர் காட்டுக்கும் நடுவே ஒரே ஒரு எல்லை வரப்பு. எங்கள் பக்கம் அதைப் பொழி என்பார்கள். பொழியை யார் தள்ளிப் போட்டது என்று நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருவரும் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நான் பட்டம் வாங்கி, சட்டம் படித்து, வக்கீலாக வந்து பெரியப்பாவைச் சந்தி சிரிக்க வைக்க வேண்டும் என்பது அப்பாவின் கணக்கு.

கல்லூரியில் எனக்குக் கிடைத்ததோ நிலவியல். அப்போது பூகர்ப்ப சாஸ்திரம் என்பார்கள். கணிதத்தில் இடம் இல்லை, சரித்திரத்தில் இடம் இல்லை. யாரும் சீண்டாத அந்த வகுப்பில் இருந்தது.

"கல்லு ஒடைக்கறதுக்கா உன்னைப் பட்டணத்துக்கு அனுப்புனேன்?" என்றார் அப்பா. "நம்ம காட்டுல இல்லாத கல்லா?"

எந்தப் பட்டமானாலும் அதற்கப்புறம் சட்டம் படிக்கலாம் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டார்.

அந்தப் படிப்பை நான் ஆசையாகப் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சேலம் ஜில்லாக்காரன் என்றதும், "உங்கள் ஊரில் கல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது?" என்று முதல் நாளே பேராசிரியர் இங்கிலீஷில் கேட்டார். வகுப்பே சிரித்தது. கல்லில் ஒரு சில்லை எடுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து விரல் நுனித் தோல் போய்விடும். கடைசித் தேய்ப்பில் சில்லு பொடியாகிவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து அவர் பின்னால் வந்து நிற்பார். "ஏர் பிடித்த கை" என்பார். மனுஷனா அவர். அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் பாடம் முழுவதையும் கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் வருஷக் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு நிலப்பகுதியை நடந்து பார்த்து, பாறைகளுக்கு வரைபடம் போட்டு வர வேண்டும் என்றார்கள். வீட்டுச் சோறு கிடைக்குமே என்று நான் எங்கள் ஊரையே எடுத்துக்கொண்டேன். வினை அங்கேதான் பிடித்தது.

அந்த வருஷம் மழை பொய்த்து எங்கள் கிணறு வற்றிக் கிடந்தது. அப்பா வெடி வைத்து மேலும் மேலும் ஆழமாக்கினார். மேலே வந்ததெல்லாம் கல் தூள்தான். பருத்தி கருகியது. அம்மா மாடுகளுக்குக்கூட எங்கெங்கோ போய்த் தண்ணீர் சுமந்தாள்.

நான் சுத்தியலோடு அலைந்ததில் ஒன்று தெரிந்தது. பூமிக்குள் சுவர் எழுப்பியதைப் போல ஒரு கரும்பாறை, பொழிக்கு அடியிலேயே தெற்கு வடக்காக ஓடியது. நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. மேற்கே பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கி வந்து அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும், தாண்டாது. எங்கள் கிணறு சுவருக்குக் கிழக்கே இருந்தது. மேற்கே இருந்தது பெரியப்பாவின் கல்லாங்காடு, ஆடுகூட மேயாத இடம்.

நான் அங்கே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பெரியப்பாவே ஒருநாள் வந்துவிட்டார்.

"என்ன சாமி, என்ற காட்டுல என்னத்தத் தேடறே?"

"கல்லு பாக்கறனுங்க பெரியப்பா. காலேஜுல கேட்டாங்க."

"பாரு, பாரு. கல்லுக்கென்ன பஞ்சம்" என்று சிரித்துவிட்டுப் போனார். நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

கண்டுபிடித்ததை அப்பாவிடம் மட்டும் சொன்னேன். வேறு ஒரு ஜீவனிடமும் சொல்லவில்லை. இன்றைக்கும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

"நம்ம கெணத்தை எவ்வளவு வெட்டுனாலும் வராதுங்கப்பா. தண்ணி பொழிக்கு அக்கட்டால நிக்குது."

"அவன் காட்டுலயா?"

"ஆமாங்க."

அப்பா பொழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அது அவங் காடுன்னு எவஞ் சொன்னான்?" என்றார்.

மறுநாள் ஆட்களைக் கூட்டிப் போய், பொழியைத் தாண்டி முள் வெட்டிப் போட்டு வேலி கட்ட ஆரம்பித்துவிட்டார். வேண்டாம் என்று நானும் அம்மாவும் சொன்னது காதில் ஏறவில்லை. பெரியப்பா ஓடி வந்தார். ஊரே கூடும்படி இருவரும் கத்தினார்கள். நடுவில் பெரியப்பா மட்டும் கத்துவதை நிறுத்திவிட்டார். வழக்கெல்லாம் தெற்கே நல்ல மண் இருக்கும் பக்கத்துக்குத்தான். இந்தக் கல்லாங்காட்டை அப்பா அதுவரை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார். திரும்பிப் போனார்.

கர்ணம் வந்து சங்கிலி பிடித்து அளந்து, இடம் பெரியப்பாவுடையதுதான் என்று சொல்லிவிட்டார். அப்பா வேலி போட்ட அதே இடத்தில் பெரியப்பா கிணறு வெட்ட ஆட்களை இறக்கினார். நான் கல்லூரிக்குத் திரும்புவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. நான் படித்த படிப்பு அச்சாகப் பலித்தது அந்த ஒரு முறைதான். அதற்கு அப்பாவிடம் எனக்குக் கிடைத்த பரிசு இது:

"அவங்கூட நின்னு பேசிட்டிருந்தயாமா? பாத்தவங்க சொல்றாங்க."

"கல்லு பாக்கறேன்னு சொன்னனுங்க. வேறெதும் பேசலீங்க."

"நீ சொல்லாம அவனுக்கு எப்படிடா தெரியும்?"

"நீங்க வேலி கட்டுனதப் பாத்துத்தானுங்க தெரிஞ்சுது."

எனக்கும் வாய் நீளம்தான். அதற்கப்புறம் அப்பா என்னோடு பேசவில்லை. விடுமுறைக்குப் போனால், நான் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் எழுந்துகொள்வார். பெற்ற மகனே பங்காளியிடம் விலை போய்விட்டான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். நான் தேறினேனா, தோற்றேனா என்றுகூடக் கேட்கவில்லை. சட்டம் படிக்கும் பேச்சும் நின்றுபோயிற்று. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அப்பாவை நான் வெறுத்தேன். ஆனால் அவர் என்னை அப்படி நினைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

பட்டம் வாங்கிய கோடையில் வெட்கத்தை விட்டுப் பெரியப்பாவிடம் போனேன். புதுக் கிணற்றில் மாடுகள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன.

"நான் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலீன்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமுங்க."

அவர் அவசரப்படாமல் வெற்றிலையைத் துப்பினார்.

"நெசந்தான் சாமி. நீ சொல்லுல. உங்கப்பன்தான் முள்ளப் போட்டுக் காட்டிக் குடுத்தான்."

"அதைத்தானுங்க சொல்லோணும்."

"எதுக்கு? எனக்குத் தண்ணி வந்துது. அவனுக்குப் பையன் இல்லாமப் போயிட்டான். இது எந்தக் கோர்ட்டுலயும் எனக்குக் கெடைக்காத தீர்ப்பு. நானா போயி அதை மாத்துவேன்?" சொல்லிவிட்டு வாய்க்காலில் ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு நீட்டினார். "வெயில்ல வந்திருக்கறே. குடி."

செம்பை அவர் முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். ஆனால் தாகமாக இருந்தது. இதைக் குடிக்காமலேயே குடித்தவன் என்று பெயர் வாங்கிவிட்டேன், குடித்தால்தான் என்ன என்று தோன்றியது. அண்ணாந்து முழுவதும் குடித்தேன். நல்ல தண்ணீர், உப்பே இல்லை.

செம்பை இறக்கியபோது பொழிக்கு அந்தப் பக்கம் அப்பா நின்றுகொண்டிருந்தார்.