அடுக்களையில் எடுக்காத ரீடிங்

மார்ச் மாதம் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு, டீ போட அடுக்களைக்குள் போனவள் அப்படியே தரையில் விழுந்தேன். கையிலிருந்த கிண்ணம் உருண்டு ஹால்வரை போனது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, சூட்டில் நின்றதால் வந்த மயக்கம் என்றார். இந்த முறை தரையில் விழுந்தீர்கள், அடுத்த முறை அடுப்பின் மேல் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்டாலும் அது இவருக்கான கேள்வி. இவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பயந்தது உண்மைதான், அதை மறுக்கமாட்டேன்.

எங்கள் அடுக்களை ஜன்னல் மேற்குப் பார்த்தது. பல வருடங்களாக அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பலாமரம் நின்றது. தையில் அவர்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று அதை வெட்டினார்கள். வெட்டும்போது என் கணவர் மதிலோரம் நின்று எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். கூலியாக இரண்டு பலாப்பிஞ்சு கிடைத்தது. அன்றைக்குப் போன நிழலைப் பற்றி இவருக்கு யோசனையே வரவில்லை, கூட்டு எப்போது வைப்பாய் என்றுதான் கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே அறிவிப்பு வெளியானது.

"இனி இந்த வீட்டுக்குள்ள வெயில் ஏறப்பிடாது. ஜன்னலுக்கெல்லாம் நல்ல பிளைண்ட் போட்டுரலாம். ஆனா சும்மா போய் வாங்கிரக் கூடாது, கேட்டியா. ஸ்டடி பண்ணணும்."

அரசாங்க இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்றவர் இவர். சுவரில் ஒரு ஆணி அடிக்கவேண்டுமென்றாலும் முதலில் ஆய்வு, பிறகு அறிக்கை, ஆணியைக் கடைசியில் நான் அடிப்பேன். இந்த முறை சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் ஒன்றும் நீளமான நோட்டு ஒன்றும் வாங்கிவந்தார். ஹால், இரண்டு படுக்கையறை, பூஜையறை, மாடிப்படி என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம். காலை, உச்சி, மூன்று மணி என்று மூன்று வேளை. மாடிப்படியில் யார் உட்கார்ந்து வேர்க்கப்போகிறார்கள் என்று தெரியவில்லை, ஆனாலும் அங்கே இரண்டு வாரம் ரீடிங் எடுத்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அடுக்களைக்குக் கட்டமே இல்லை.

"அடுக்களைய விட்டுட்டீங்களே?"

"அடுப்பு இருக்க எடத்துல ரீடிங் சரியா வராது. அதச் சேர்த்தா மொத்த ஆவரேஜும் கெட்டுப் போவும்."

அதாவது, வீட்டிலேயே சூடான இடம் சூடாக இருப்பதால் கணக்கில் வராது. இப்படிப்பட்ட மூளையை வைத்துக்கொண்டு இவர் எத்தனை பாலம் கட்டினாரோ, அதன்மேல் போகிறவர்களைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

ஆய்வு முடிந்து கடைக்குப் போனோம். கடை முழுக்க ஏசி. எனக்குச் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது. வெயிலுக்குத் திரை வாங்க வந்தவர்கள் குளிரில் நடுங்கியபடி வெயிலைப் பற்றிப் பேசுகிற அறிவை நான் வேறெங்கும் கண்டதில்லை. விற்பனையாளர் ஒரு பெட்டிக்குள் பல்பை எரியவிட்டு, முன்னால் விதவிதமான துணியைத் தொங்கவிட்டுக் காட்டினார். தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தைத்தது ஒன்று, பின்பக்கம் வெள்ளி பூசியது ஒன்று. இவர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் கையை வைத்துப் பார்த்து, நாடி பார்க்கிற வைத்தியர் போலத் தலையசைத்தார்.

"கரண்ட் பில் குறையும் சாரே, உறப்பு," என்று மலையாளத் தமிழில் உறுதி கொடுத்தார் விற்பனையாளர்.

நான் கேட்டேன், "கிச்சனுக்கு எது நல்லது?"

"கிச்சனில் வேண்டா சேச்சி. எண்ணெயும் ஆவியும் பட்டா துணி கேடாயிப் போவும்."

துணி கெட்டுவிடுமாம். அந்தத் துணிக்குக் கிடைத்த அக்கறையில் கால்வாசி எனக்குக் கிடைத்திருந்தால் நான் விழுந்தே இருக்கமாட்டேன். என் கணவர் "கரெக்ட், கரெக்ட்" என்றார். தேன்கூட்டுத் திரைக்கு ஆர்டர் கொடுத்தார், ஹாலுக்கும் படுக்கையறைகளுக்கும்.

திரும்பும் வழியில் பெருங்காயம் வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவில் இறங்கினோம். பக்கத்துக் கடையில் மூங்கில் தட்டிகள் சுருட்டி நிறுத்தியிருந்தன. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் ஒன்றைத் தொட்டுப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வெயிலு எந்தப் பக்கம்மா அடிக்கு? எத்தன மணிக்கு?"

இத்தனை நாளில் அதை என்னிடம் கேட்ட முதல் மனிதர் அவர்தான். மேற்கு, மூன்று மணி என்றேன்.

"அப்ப வெளிய கட்டணும். கண்ணாடிக்கு உள்ள கட்டுனா வெயில வீட்டுக்குள்ள கூட்டியாந்து உக்கார வச்ச மாதிரில்லா ஆயிரும். ஜன்னலுக்கு மேல வெளிய நீட்டுன சிலாப்பு இருக்கில்லா? அதுல ரெண்டு கொக்கி அடிச்சு மாட்டிருங்க."

இவர் என் முழங்கையைத் தட்டினார். "வா போவோம். மூங்கில் தட்டி கட்டுனா டீக்கடை மாதிரி இருக்கும்."

என் வீட்டின் பின்பக்கச் சுவரை யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்.

திரைகள் வந்தன. நன்றாகத்தான் இருந்தன, பொய் சொல்லக் கூடாது. பிற்பகலில் படுக்கையறை முன்பைவிடக் குளிர்ச்சியாக இருந்தது, ஏசியும் குறைந்த நேரமே ஓடியது. வருகிறவர்கள் முன்னால் இவர் கயிற்றை இழுத்துத் திரையை ஏற்றி இறக்கிக் காட்டுவார். "இவ தல சுத்தி விழுந்தாள்லா, அதுக்காகச் செஞ்சது," என்பார். அவர்கள் என்னை உருக்கமாகப் பார்ப்பார்கள். கொடுத்துவைத்தவள் என்று ஒரு அம்மாள் சொன்னாள். நான் வேர்க்க விறுவிறுக்க அவர்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தேன்.

அடுக்களை ஜன்னலில் நான் ஈரத் துவர்த்துத் துண்டைத் தொங்கவிட்டிருந்தேன். டீ கொதிப்பதற்குள் அது மொடமொடவென்று காய்ந்துவிடும். மேடை விளிம்பை இடது கையால் பிடித்துக்கொண்டே வலது கையால் வேலை செய்யப் பழகினேன். மே மாதத்தில் ஒருநாள் மறுபடி கண் இருட்டியது. அடுப்பில் பால் கொதித்துக்கொண்டிருந்தது. சிங்க்கைப் பிடித்து நின்றுவிட்டேன். அப்போது வந்தது பயமில்லை, ஆத்திரம்.

மறுநாள் மூன்று மணிக்கு ஹாலிலிருந்து இவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுக்களை ஜன்னலுக்கு முன்னால் போட்டேன்.

"இங்க வந்து இருங்க. டீ தாறேன்."

"எதுக்கு?"

"சும்மா."

உட்கார்ந்தார். முதலில் சட்டைப் பட்டனைக் கழற்றினார். பிறகு பேப்பரால் விசிறினார். பிறகு வெட்டிய மரம் நின்ற இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்துபோய்த் தெர்மாமீட்டரை எடுத்துவந்து ஜன்னலோரம் மாட்டினார். அது நோட்டில் எழுதிய எல்லா எண்களையும் தாண்டி ஏறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது கணக்குல வராது. நீ அடுப்ப அணை. அணைச்சுட்டுத்தான் பார்க்கணும்."

"அடுப்பு இன்னும் பத்த வைக்கல," என்றேன்.

நம்பவில்லை. கையை நீட்டி பர்னரைத் தொட்டுப் பார்த்தார். அடுத்ததையும் தொட்டார்.

அன்றைக்கு அவர் நோட்டைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு, ஆரியசாலைக்குப் போகிற பையை எடுத்துக்கொண்டு, அடுக்களை வாசலில் வந்து நின்றார். "இந்த ஜன்னல் அகலம் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டார்.

"அஞ்சு சாண்," என்றேன். அதை நான் மார்ச்சிலேயே அளந்து வைத்திருந்தேன்.