ஈசானியம் பார்த்த காற்றுப் பெட்டி

கடப்பாக்கம் உப்பங்கழியில் நங்கூரமிட்டிருந்த பழைய பாய்மரப் படகுக்குத் தேக்கில் புதுக் காற்றுப் பெட்டி செய்து மேல்தளத்தில் மாட்டினேன். காற்று உள்ளே போகும், தண்ணீர் போகாது. படகுக்காரருக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு ஒருமுறையாவது மாமல்லபுரம் போக வேண்டும் என்று ஆசை.

அந்தம்மா கரையில் நின்று, "பெட்டி வாய் ஈசானியம் பாக்கணும். இல்லாட்டி ஏற மாட்டேன்" என்றார்.

திருப்பி மாட்டினேன். காற்று மாறியது. படகும் சுற்றியது.

"இன்னா மேஸ்திரி, எமன் பக்கம் பாக்குது?"

"படகு திரும்புதும்மா."

"அப்ப கட்டிப் போடு."

படகைப் பழையபடி திருப்பி நாலு பக்கமும் கயிறு கட்டினோம். அந்தம்மா ஏறி உட்கார்ந்தார்.

"மாமல்லபுரம் எப்ப சார்?" என்றேன்.

"கயித்த அவுத்தா இவ எறங்கிடுவாய்யா" என்றார் படகுக்காரர்.

கட்டிப் போட்ட படகிலேயே இருவரும் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டார்கள்.