பிரஷருக்கு வாங்கிய மீன்கள்

வள்ளியப்பன் கொழும்புத் துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தேழு வருடங்களாக வேலை பார்த்துவந்தார். கப்பலில் வந்த பெட்டியைச் சுங்கத்திலிருந்து மீட்டு, உரியவரின் கடை வாசலில் இறக்கும்வரை அவர் பொறுப்பு. அந்த வேலையைச் சத்தம் போடாமல் செய்ய முடியும் என்று அவர் ஒருநாளும் நம்பியதில்லை. லொறிக்காரரிடம் சிங்களத்திலும், புறக்கோட்டை வியாபாரிகளிடம் தமிழிலும், கப்பல் கம்பெனிக்காரரிடம் ஆங்கிலத்திலும் கத்துவார். மூன்றிலும் இலக்கணம் கொஞ்சம் தள்ளாடும். சத்தம் தள்ளாடாது.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, ஐம்பத்திரண்டு வயதில், கொட்டாஞ்சேனையில் தான் குடியிருந்த மூன்றாம் மாடிக்கு ஏறும்போது அவருக்குத் தலை சுற்றியது. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய மனைவி மீனாள் அன்று மாலையே அவரை ஜம்பட்டா வீதியில் இருந்த டொக்டர் நமசிவாயத்திடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டொக்டர் கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பிறகு இன்னொரு முறை பார்த்தார்.

"நூற்றி எழுபத்தெட்டு. மிஸ்டர் வள்ளியப்பன், வேலைத்தலத்தில கனக்கச் சத்தம் போடுறனீங்களோ?"

"நானா? யாரு சொன்னா?" என்று வள்ளியப்பன் போட்ட சத்தம் வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்டது.

மாத்திரை, உப்புக் குறைப்பு, நடை என்று எழுதிக்கொடுத்த டொக்டர் கடைசியாக ஒன்று சொன்னார். "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் சும்மா இருக்கப் பழகுங்கோ. கோயில்ல இருக்கலாம், கடலைப் பார்க்கலாம், ஒரு மீன்தொட்டி வச்சுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். என்னவெண்டாலும் சரி."

உப்பும் நடையும் வள்ளியப்பனின் காதில் ஏறவில்லை. மீன்தொட்டி ஏறியது. வாங்கிக் கொண்டுவந்து வைக்கக்கூடிய ஒரு பொருள் அது. அவருக்குத் தெரிந்த வேலை அதுதான்.

அடுத்த சனிக்கிழமை கொம்பனித்தெருவில் இஸ்ஸதீன் என்பவர் வைத்திருந்த மீன்கடைக்குப் போனார். இரண்டடி நீளத் தொட்டி, மேலே மாட்ட டியூப் லைட், காற்றடிக்கும் பம்ப், தண்ணீர் வடிக்கும் ஸ்பொஞ்சு, ஒரு மூட்டை கூழாங்கல். அதோடு பதினான்கு மீன்களும் கேட்டார்.

"செட்டியார், மொதல்ல தொட்டிய மட்டும் கொண்டு போங்க. தண்ணி ஊத்தி, பம்ப போட்டு, கொஞ்ச நாள் ஓட விடுங்க. பொறகு ரெண்டு மூணு மீன் தாரன்" என்றார் இஸ்ஸதீன்.

"வெறுந் தண்ணியப் பார்க்கவா டொக்டர் சொன்னாரு? எனக்கு இன்னைக்கே வேணும், நானா" என்றார் வள்ளியப்பன், கொழும்பில் முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் என்று கூப்பிடும் முறையில்.

இருபத்தேழு வருடத்துக் குரலுக்கு முன்னால் இஸ்ஸதீன் என்ன செய்வார்? தங்கமீன் நான்கு, ஏஞ்சல் இரண்டு, கப்பி ஆறு, சிவப்புப் பிளாட்டி இரண்டு என்று பைகளில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பைகளைப் பார்த்து மீனாள் சொன்னாள்: "வீட்டுல ஒரு மீனாள் இருக்கறது போதலையாக்கும்?"

வள்ளியப்பன் குழாயிலிருந்து நேரே தண்ணீர் பிடித்து நிரப்பினார். குளோரின் வாடை ஹோல் முழுக்க வீசியது. மீன்களைப் பைத் தண்ணீரோடு சேர்த்துக் கவிழ்த்தார். லைட்டைப் போட்டார். எல்லாம் பளபளவென்று இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சரியாக அரை மணித்தியாலம் உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் மூன்று கப்பிகள் மிதந்தன. புதன்கிழமை இரண்டு தங்கமீன்கள். வெள்ளிக்கிழமை ஒரு ஏஞ்சல் பக்கவாட்டில் சாய்ந்தபடி நீந்தி, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போய்ச் சேர்ந்தது. தண்ணீர் கழுநீர் மாதிரிக் கலங்கிக் கிடந்தது. டொக்டரிடம் போனபோது பிரஷர் நூற்றி எண்பத்திரண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் ஓர் உறவினர் வீட்டுக்கு வந்த இஸ்ஸதீனை, வள்ளியப்பன் வற்புறுத்தி மூன்று மாடி ஏறவைத்தார். இஸ்ஸதீன் தொட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கூழாங்கல்லில் படிந்து கிடந்த தீனியைப் பார்த்தார்.

"சாப்பாடு ஆரு போடுற?"

"நான்தான். காலையில ஒரு சிட்டிகை, ராத்திரி ஒரு சிட்டிகை."

உள்ளே இருந்த மீனாள் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள். "மத்தியானம் நான் கொஞ்சம் போடுவேன். நாம சாப்பிடறப்ப அதுக பார்த்துக்கிட்டே இருக்கு."

கதவருகே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாக்ரெட்டும் வாயைத் திறந்தாள். அவள் வீட்டில் டெலிபோன் இல்லை. பேசுவதற்கு இங்கேதான் வருவாள். "நானும்தான், மீனா அக்கா. கோல் எடுக்க வரக்குள்ள எல்லாம் ஒரு துண்டு பாண் பிச்சிப் போட்டன். பாவம்தானே, வாயத் தொறந்து தொறந்து கேக்குதுகள்."

"மீன் மூச்சு விடுறதே வாயத் தொறந்துதான், தங்கச்சி!" என்றார் இஸ்ஸதீன். "பசியால இல்ல. ஒரு நாளைக்கு ஒருக்கா போதும். ரெண்டு நிமிஷத்தில திண்டு முடிக்கிற அளவு. மிஞ்சினா அழுகும். அழுகினா தண்ணி கெடும்."

வள்ளியப்பன் மனைவியையும் மாக்ரெட்டையும் மாறிமாறிப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று இருவருக்கும் தெரிந்தது. ஆனால் இஸ்ஸதீன் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"லைட் எத்தன மணிக்குப் போடுற?"

மீனாள்தான் போடுகிறவள். ஹோலுக்கு ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி. காலை ஆறு மணிக்குச் சாமி விளக்கேற்றும்போதே தொட்டி லைட்டையும் போட்டுவிடுவாள், ஹோல் மங்கலமாக இருக்கும் என்று. வள்ளியப்பன் இரவு ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, பதினொரு மணிவரை பார்த்துவிட்டு அணைப்பார்.

இஸ்ஸதீன் விரல்விட்டு எண்ணினார். "பதினேழு மணித்தியாலம். மனிசனுக்கே தலவலி வரும். இப்ப கலங்கல் ஈக்கி. இன்னும் ரெண்டு கிழம போனா பச்ச வரும், பாருங்க. ஒரு நாளைக்கு ஏழு எட்டு மணித்தியாலம் போதும், அதுவும் ஒரே நேரத்தில போட்டு ஒரே நேரத்தில நூக்கணும். மீனுக்கும் இருட்டு வேணும், செட்டியார். அதுக்குக் கண்ண மூட இமையும் இல்ல."

அது வள்ளியப்பனை ஏதோ செய்தது. இமை இல்லை என்பதை அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

எஞ்சிய தங்கமீன்களையும் துணையிழந்த ஏஞ்சலையும் இஸ்ஸதீன் கடைக்குத் திரும்ப எடுத்துப் போனார். தங்கமீன் அழுக்கு அதிகம் போடும், சின்னத் தொட்டிக்கு ஆகாது என்றார். மூன்று கப்பியும் இரண்டு பிளாட்டியும் மட்டும் மிஞ்சின. சொன்னபடி வள்ளியப்பன் வாளியில் தண்ணீர் பிடித்துக் குளோரின் போக ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, கிழமைக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரில் கால்வாசியை மட்டும் மாற்றினார். ஸ்பொஞ்சில் வளரும் நல்ல கிருமி சாகாதிருக்க அதைக் குழாயில் அலசாமல், வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்தார். சாப்பாட்டு டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டினார். மீன்கள் சாவது நின்றது.

லைட் விஷயத்தில் மட்டும் வீட்டில் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மீனாளுக்குக் காலையில் வேண்டும், அவருக்கு இரவில் வேண்டும். தொட்டி இஸ்ஸதீன் சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே பச்சையானது. முதலில் கண்ணாடியில் ஒரு பூச்சு மாதிரி. பிறகு தண்ணீரே பச்சை. சிவப்புப் பிளாட்டி கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். வள்ளியப்பன் அரை மணித்தியாலமும் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடையில் டெலிபோன் அடிக்கும். அவருடைய முதலாளி ஆனந்தகிருஷ்ணனுக்கு எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்ற யோசனை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும். வள்ளியப்பன் ஒரு காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு, கத்திக்கொண்டே பச்சைத் தண்ணீரைப் பார்ப்பார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி, மின்வெட்டு வந்தது. அவர்கள் பகுதிக்குக் காலையில் கொஞ்ச நேரமும், மாலை ஆறரை தொடங்கி ஒன்பதுவரையும் கரண்ட் இல்லை.

முதல் நாள் அவர் வேலை முடிந்து வந்ததும், மெழுகுதிரியோடு நின்ற மீனாள் கூப்பிட்டாள். "ஏங்க, இங்க வந்து பாருங்க. எல்லாம் மேல வந்து வாயப் பிளக்குது."

பம்ப் நின்றுவிட்டது. தண்ணீருக்குள் காற்றுப் போகவில்லை. வள்ளியப்பன் மாடி இறங்கி, தெருமுனைக் கடையிலிருந்து இஸ்ஸதீனுக்கு டெலிபோன் எடுத்தார். தன் வீட்டிலேயே டெலிபோன் இருந்தது பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை. இஸ்ஸதீன் சொன்ன வைத்தியம் எளிது: ஒரு செம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து அதே தொட்டிக்குள் ஊற்ற வேண்டும். விழுகிற தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு போகும். மெதுவாக, மீன் மேல் விழாமல்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் இருவரும் தொட்டியின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து, மாறி மாறி மொண்டு ஊற்றினார்கள். டிவி இல்லை, மின்விசிறி இல்லை. வேறு செய்வதற்கும் ஒன்றுமில்லை. கை நோகும்போது செம்பு கை மாறும்.

"ஏங்க, நம்ம கல்யாணம் முடிஞ்சு நீங்க என்னோட இவ்வளவு நேரம் ஒரே இடத்துல உட்கார்ந்ததே இல்ல" என்றாள் மீனாள் ஒருநாள்.

"உட்கார்ந்திருக்கேனே."

"எப்ப?"

அவர் யோசித்தார். செம்பைக் கையில் வாங்கிக்கொண்டார்.

பிறகு அவள், தான் சிறுமியாக இருந்தபோது கொழும்புக்குக் கப்பலேறி வந்ததையும், வழிநெடுக வாந்தி எடுத்ததையும் சொன்னாள். இருபத்தாறு வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. அவர் தான் முதல்முதலாகத் துறைமுகத்துக்குள் போன அன்று தவறான பெட்டியைத் திறந்து, அதற்குள் முழுக்கப் பொம்மைக் கண்கள் இருந்ததைச் சொன்னார். மீனாள் சிரித்த சிரிப்பில் செம்பு கை தவறித் தொட்டிக்குள் விழுந்தது. மீன்கள் மூலைக்கு ஓடின.

மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வள்ளியப்பன் தண்ணீர் மாற்ற வாளியோடு வந்தவர் அப்படியே நின்றார். தொட்டியின் பின்கண்ணாடி தெரிந்தது. அதற்கும் அப்பால், சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியின் திகதிகூடத் தெரிந்தது.

"மீனா! தண்ணி தெளிஞ்சு போச்சு! நீ ஏதாவது போட்டியா?"

"நான் எதைப் போட? லைட்டு போடக்கூடக் கரண்டு இல்லையே."

காலையிலும் மாலையிலும் மின்சாரம் போனதில் லைட் எரிந்த நேரம் குறைந்திருந்தது. அது போக, எப்படியும் போய்விடும் லைட்டைக் காலையில் எதற்குப் போடுவது என்று மீனாளும் விட்டுவிட்டதில், அது பாதிக்கும் கீழே போயிருந்தது. பாசிக்குத் தீனி கிடைக்கவில்லை. இஸ்ஸதீன் சொல்லி நடக்காததை மின்சார சபை நடத்திவிட்டது.

மின்வெட்டு முடிந்ததும் வள்ளியப்பன் செய்த முதல் காரியம், புறக்கோட்டையில் ஒரு டைமர் வாங்கியது. பிளக்கில் செருகி, சக்கரத்தைத் திருப்பி வைத்தால் தானாகப் போட்டுத் தானாக அணைக்கும். ஒரு மணிக்குப் போட்டு ஒன்பது மணிக்கு அணையும்படி வைத்தார். எட்டு மணித்தியாலம். மீனாளுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குத் துணை, அவருக்கு வேலை முடிந்து வந்து ஒன்றரை மணித்தியாலம்.

முதல் நாள் ஒன்பது மணிக்கு லைட் அணைந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மீனாள் டிவியை அணைத்தாள். மீன் தூங்கும்போது நாம் என்ன சத்தம் போடுவது என்றாள். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. அடுத்த முறை டொக்டர் நமசிவாயம் பார்த்தபோது பிரஷர் நூற்றி முப்பத்தெட்டு. டொக்டர் அது மாத்திரையால் என்றார். வள்ளியப்பன் மீனால் என்றார். சீக்கிரம் படுப்பதால் என்றாள் மீனாள். யாரும் யாரையும் ஒப்புக்கொள்ளவைக்க முயலவில்லை.

பிளாட்டி குட்டி போட்டது. அரிசிமணி அளவில் பதினொன்று, பிறகு இஸ்ஸதீனிடம் வாங்கி நட்ட நீர்ச்செடிக்குள் ஒளிந்திருந்தன. மாக்ரெட் தினமும் வந்து எண்ணினாள், பாண் துண்டு இல்லாமல்.

ஒருநாள் இரவு எட்டே முக்காலுக்கு டெலிபோன் அடித்தது. வள்ளியப்பன் முழங்கைவரை தொட்டிக்குள் விட்டிருந்தார். மீனாள் எடுத்தாள்.

"அவரு தண்ணிக்குள்ள கை விட்டிருக்காருங்க. நாளைக்குக் காலையில பேசச் சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வள்ளியப்பன் திரும்பிப் பார்த்தார். "யாரு, முதலாளியா? என்ன செஞ்ச நீ? நாளைக்குக் காலையில ஒரு பெட்டி வெளிய வரணும்!"

"நாளைக்குக் காலையில வரப்போறதுக்கு ராத்திரி என்ன பேச்சு?"

அன்று அவர் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் பெட்டி மறுநாள் பத்தரைக்கு வெளியே வந்தது, யாரும் யாரிடமும் கத்தாமலே. அதற்குப் பிறகு இரவு அழைப்புகளை அவரே எடுத்து, "காலையில பேசலாங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

ஒரு மாதம் பொறுத்த ஆனந்தகிருஷ்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்துவிட்டார். மூன்று மாடி ஏறிய மூச்சோடும், கக்கத்தில் ஒரு ஃபைலோடும், முகத்தில் கோபத்தோடும் வந்தவர் தொட்டிக்கு எதிரே கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மீனாள் காப்பி கொண்டுவந்தபோது அவர் ஃபைலைத் திறந்திருக்கவில்லை. முன்னால் குனிந்து, கண்ணாடிக்கு நெருக்கமாக முகத்தை வைத்திருந்தார்.

"வள்ளியப்பன், அந்தக் குட்டி செடிக்குள்ள போயிட்டு வரவே இல்லையே. ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலீங்க. கொஞ்சம் பொறுங்க, வரும்" என்றார் வள்ளியப்பன்.

இருவரும் காத்திருந்தார்கள்.