மாமா குளிக்கும்போது மட்டும் அணைந்த கீசர்

என் மாமனார் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரர். எழுபது வயதுவரை ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அந்தக் கார்த்திகையில் காட்டில் தேங்கிய தண்ணீரை வெட்டிவிடப் போய், பகலெல்லாம் மழையில் நின்று, நெஞ்சில் சளி கட்டி, நிமோனியா என்று ராமநாதபுரத்தில் படுத்துவிட்டார். அத்தை இல்லாத வீட்டுக்கு அவரைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல் ராமேஸ்வரத்துக்கு எங்களோடு அழைத்து வந்தோம். நான் அங்கே பள்ளி ஆசிரியை. என் கணவருக்கு மண்டபத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. வாடகை வீடு, கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

பச்சைத் தண்ணீர் தலையிலோ நெஞ்சிலோ படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமாவோ காலையில் குளிக்காமல் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கமாட்டார். முதலில் அடுப்பில் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் வைத்து நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். வேலைக்குப் போகிற பிள்ளை தனக்காகக் கொதிக்கிற தண்ணீரைத் தூக்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. என்னிடம் நேரே சொல்லாமல் மகனிடம் சொன்னார். எனக்கும் அவருக்கும் அவ்வளவுதான் பேச்சு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், “வாங்க மாமா”, “சாப்பிடுங்க மாமா” என்பதற்கு மேல் நான் பேசியதில்லை.

மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத ஊர். அதனால் என் கணவர் கேஸில் ஓடுகிற கீசராக வாங்கி வந்து குளியலறைச் சுவரில் மாட்டினார். சிலிண்டர் சுவருக்கு இந்தப் பக்கம், அடுக்களையில். குழாயைத் திறந்தால் டக் டக்கென்று பொறி தட்டும், பக்கென்று நீலமாக நெருப்புப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் சுடுதண்ணீர். முதல் நாள் மாமா கதவருகே நின்று அந்த நெருப்பை வெகுநேரம் பார்த்தார். எனக்கு அந்தச் சத்தமே பயமாக இருந்தது. சோப்பு நுரையைக் குழைத்து ரப்பர் குழாயின் இணைப்பிலெல்லாம் தடவி, குமிழி வருகிறதா என்று தினமும் பார்த்தேன்.

சில நாளிலேயே அது அணைய ஆரம்பித்தது. பாதி வாளி நிறையும்போது நெருப்பு நின்றுவிடும். தண்ணீர் சில்லென்று வரும். உள்ளே மாமா இருமுவது எனக்குக் கேட்கும். அந்த இருமல்தான் என்னைக் கலக்கியது. திரும்பவும் நெஞ்சில் சளி கட்டினால் இந்த முறை தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் கணவர் கீழ்மூடியைத் திறந்து பார்த்தார். பொறி தட்டுவதற்கு அதில் டார்ச் லைட் பேட்டரிதான் போடவேண்டும். பேட்டரி உட்காரும் தகடு உப்புக்காற்றில் பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. எங்கள் ஊரில் கதவுக் கீலும் சைக்கிள் செயினும் அப்படித்தான் ஆகும். சுரண்டித் துடைத்து, புதுப் பேட்டரி போட்டார். மறுநாள் எரிந்தது. அதற்கு மறுநாள் அணைந்தது. பிறகு தண்ணீர் நுழைகிற இடத்தில் இருக்கும் சிறு சல்லடையைக் கழற்றினோம். மாவு மாதிரி மணல் அடைத்திருந்தது. கழுவி மாட்டினோம். அப்போதும் இரண்டொரு நாள் நன்றாக இருந்துவிட்டுப் பழையபடி ஆனது. சிலிண்டரையும் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் கீசர் வாங்கின கடையிலிருந்து ஒருவர், காற்றசையாத ஒரு மதியத்தில் வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துப் பார்த்தார். ஒருமுறைகூட அணையவில்லை. எந்திரத்தில் ஒன்றும் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதன்பிறகு தானாகவே சரியானது. ஒரு வாரம்போல மாமா குளித்து முடிக்கும்வரை நெருப்பு நின்று எரிந்தது. எப்படிச் சரியானது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மார்கழி பிறந்து வாடைக்காற்று ஓயாமல் வீசத் தொடங்கியபோது மறுபடி அணைந்தது. இந்த முறை வேறு மாதிரி. எடுத்த எடுப்பில் அணையாமல், நன்றாக எரிந்து, பாதிக் குளியலில் நிற்கும். மாமா குழாயை மூடித் திறப்பார். பற்றும். சற்று நேரத்தில் திரும்பவும் நிற்கும். காற்று சற்றுத் தணிகிற சாயங்காலத்தில் நானோ என் கணவரோ குளித்தால் ஒன்றும் ஆகாது.

அதோடு மாமா குளித்துவிட்டு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். காப்பி வேண்டாம் என்றார். குமட்டுகிறது என்றார். முகம் சிவந்து கிடந்தது. சளிதான் திரும்பிவிட்டது என்று நான் நினைத்தேன். நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கை போகும், கூச்சத்தில் நின்றுவிடும். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று கணவரை விட்டுக் கூப்பிடச் சொன்னேன். வெயிலில் கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்று மாமா மறுத்துவிட்டார். உண்மையிலேயே பத்து மணிக்கெல்லாம் தெளிந்துவிடுவார். அதனால் எங்களுக்கு இன்னும் குழப்பம்.

ஒருநாள் என் கணவர் பொறுமையிழந்து, “அய்யா, நீங்க கீசர்ல இருக்க திருகு எதையாச்சும் திருப்பிப் பாக்கிறீகளா?” என்று கேட்டுவிட்டார்.

“நான் ஏன்ப்பா அதத் தொடப் போறேன்” என்றார் மாமா. அவ்வளவுதான். ஊருக்குப் போகவேண்டும் என்று சாயங்காலம் சொன்னார். பொங்கல் கழியட்டும் என்று சமாளித்தோம்.

அரையாண்டு விடுமுறை நடந்துகொண்டிருந்தது. அன்று என் கணவர் காலை பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார். மாமா குளிக்கப் போனார். நான் அடுக்களையில் மீன் அரிந்துகொண்டே காதைச் சுவரில் வைத்திருந்தேன். அந்த நாட்களில் அதுவே எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. பற்றிய சத்தம் கேட்டது. வாளியில் தண்ணீர் விழுந்தது. அணைந்தது. டக் டக். பற்றியது. மறுபடி அணைந்தது. அதற்குப் பிறகு டக் டக் சத்தம் வரவில்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. வாளி நிரம்பித் தரையில் வழிகிற சத்தம் வந்தது. மொண்டு ஊற்றுகிற சத்தம் இல்லை.

“மாமா” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன். குளியலறையில் இருப்பவரை மருமகள் கூப்பிடுவதா என்று ஒரு நொடி தயங்கியதும் உண்மை. அடுத்த நொடி கதவை உதைத்தேன். பிளாஸ்டிக் கதவுதான், ஆனாலும் கீழே எதுவோ தடுத்தது. இரண்டாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்துகொண்டு திறந்தது.

முக்காலியில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தார். இடுப்பில் ஈரத்துண்டு. கண் பாதி மூடியிருந்தது. உதடு நல்ல சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. உள்ளே ஆவி மூச்சு முட்ட நின்றது. கேஸ் வாடை துளியும் இல்லை. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா கொல்லைப்புறமாக ஓடி வந்தாள். படகுக்காரர் வீடு. கரையில் மயங்கினவர்களை எத்தனையோ பார்த்தவள்.

“உள்ள வச்சு என்ன பாக்குற? வெளிய இழுத்துட்டு வா, காத்துப் படட்டும்” என்றாள்.

ஆளுக்கொரு தோளைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்து வந்து கிடத்தினோம். வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. அக்கா கன்னத்தில் தட்டினாள். நான் என் முந்தானையால் அவர் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே மாமா மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். எனக்கு நினைவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு வாந்தி எடுத்தார். வாந்தி எடுத்ததைப் பார்த்து நான் அழுதேன்.

அக்கா ஆட்டோ பிடிக்கப் போனதும் குழாயை மூட உள்ளே போனேன். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடிப் பட்டைகள் சாய்வாக அடுக்கிய ஜன்னல் அது. பட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய வேட்டி, இடைவெளியே தெரியாமல், ஒழுங்காகச் சொருகியிருந்தது. கதவிடுக்கில் இருந்தது சுருட்டிய சாக்கு.

ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்தார்கள். நான் ஜன்னலைப் பற்றிச் சொன்னதும் இளவயது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அடைத்த அறையில் நெருப்பு எரிந்தால் காற்று தீர்ந்து விஷக்காற்று உண்டாகும், அதற்கு வாடையே கிடையாது என்று விளக்கினார். தலைவலியும் குமட்டலும் அதனால்தான், சளியால் அல்ல. காற்றுக் குறைந்தால் தானே அணைகிற மாதிரி அந்த எந்திரத்தில் ஏற்பாடு இருந்திருக்கவேண்டும், அது அணையாமல் எரிந்திருந்தால் நீங்கள் கதவை உடைத்தும் பயன் இருந்திருக்காது என்றார். மார்கழியில் நாங்கள் பழுது பழுது என்று சலித்துக்கொண்ட அந்த அணைதல்தான் அவரைக் காப்பாற்றியிருந்தது.

மதியத்துக்கு மேல் என் கணவர் ஓடிவந்தார். மாமா கண் விழித்து மெதுவாகப் பேசினார்.

“காத்தடிச்சுத்தான அணையுது. காட்டுல அடுப்புக் கூட்டுனா மறைப்புக் கட்டமாட்டமா? அப்பிடித்தான் மேல கொஞ்சம் அடைச்சேன். நின்னு எரிஞ்சுச்சு. வாடை கூடவும் முழுசா அடைச்சேன்.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, “குளிச்சு முடிச்சு எடுத்துருவேன். மருமக பொழங்குற எடத்துல என் பழைய வேட்டி கெடக்கக்கூடாதுல்ல” என்றார்.

என் கணவர் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதன்முதலில் அணைந்ததற்குக் காற்றும் ஒரு காரணம் என்பதை எங்கள் யாருக்கும் முன்னால் கண்டுபிடித்தவர் மாமாதான். ஜன்னலுக்கு நேரே கீசரை மாட்டியிருந்தோம். அதை யோசிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தார். அதற்குள் ஆள் வைத்துக் கீசரைக் கழற்றி, கொல்லைப்புறத்து வெளிச்சுவரில், காற்று நேரே அடிக்காத மூலையில் மாட்டினோம். குழாய் மட்டும் உள்ளே வந்தது. மேலே தகரத்தில் ஒரு சிறு கூரை. அதன்பிறகு அது அணையவில்லை. என் பயமும் அணையவில்லை. கதவில் புதுத் தாழ்ப்பாள் போட நான் சம்மதிக்கவில்லை. மாமா குளிக்கும்போதெல்லாம் கதவுக்கு வெளியே நின்று ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். அவர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஏற்பாடு.

முதல் நாட்களில் “சுடுதா மாமா?” “சுடுது தாயி” என்பதோடு நின்றது. பிறகு கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல், இந்த வருஷம் மிளகாய் எப்படி என்று கேட்டேன். அவர் பேச ஆரம்பித்தார். தண்ணீர் ஊற்றிக்கொண்டே, எந்தப் பக்கத்துக் காடு மழையைத் தாங்கும், எது தாங்காது, இலை சுருண்டால் என்ன செய்வது என்று சொன்னார். ஒருநாள் அத்தையைப் பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னார். என் கணவருக்கே தெரியாத கதை. முகம் பார்க்காமல் பேசுவது இருவருக்கும் வசதியாக இருந்தது.

மாசியில் மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் விடவேண்டும் என்று ஊருக்குக் கிளம்பினார். பஸ் நிலையத்தில் என் கணவர் பையை ஏற்றப் போனபோது, “வாரேன் தாயி” என்றார். பிறகு, ஊரில் தனக்குக் கிணற்றடியில் குளியல், கதவும் கிடையாது, ஜன்னலும் கிடையாது, நீ பயப்படாமல் இரு என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.