நான் எடுத்த ஆதார் படம்

திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலை எனக்கு. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் ஆதாரை நீட்டினாள்.

"வூட்டுக்காரர் அடிக்கிறாருண்ணா, தப்பிச்சு வந்துட்டேன். இத யாருக்கும் காட்டிடாதீங்க."

"பயப்படாதம்மா," என்றேன். ஜெராக்ஸ் எடுக்கச் சோம்பல்பட்டு, வழக்கம்போல் போனில் படம் எடுத்து லாட்ஜ் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அதில் கார் டிரைவர்களும் இருந்தார்கள். ஒருவன் அவள் கணவனுக்குச் சொந்தக்காரனாம், பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் நாள் கணவன் வந்து நின்றான். அவன் போனில் அதே படம். ஓரத்தில் என் கட்டைவிரல்.

மாடியிலிருந்து இறங்கியவள் என்னைத்தான் பார்த்தாள். "உங்கள நம்பித்தானேண்ணா குடுத்தேன்?"

"குடும்ப விஷயம், கண்டுக்காத," என்றார் முதலாளி. நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவன் அவளையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

படத்தை அன்றே அழித்தேன். அதிலிருந்த முகவரி மட்டும் மறக்கவில்லை. வேலூர் பக்கம், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். போய்ப் பார்க்க இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.